பஞ்சாயத்துக்கு ஒரு வீடு

அநியாயம் நடந்தது பஞ்சாயத்துக்கு. குயிலிக்கு நடந்ததெல்லாம் அதற்கு அப்புறம்தான். யாரிடம் சொன்னாலும் இந்த வரிசையை அவள் மாற்றியதில்லை. பஞ்சாயத்து ஒரு பெண் நாய், செம்மண் நிறம், ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடிந்தும் எதையோ பாதிதான் நம்புகிற முகம். பழைய வீட்டு மாடிப்படியின் கீழ்ப்படியில் அது தூங்கிக்கொண்டிருந்த ஒரு காலையில், வீட்டுக்கார அம்மாள் வடித்த கஞ்சியை ஆவி பறக்கக் கொண்டுவந்து அதன் முதுகில் ஊற்றினாள். கோலம் போட இடம் விடவில்லையாம். எழுந்திரு என்று சொல்லவில்லை, ச்சூ என்று விரட்டவில்லை, நேராகக் கஞ்சி. ரோமம் போய்த் தோல் போய் இப்போதும் அந்த இடம் இளஞ்சிவப்பாய், முடி முளைக்காமல், தொட்டால் நடுங்கும். மன்னிப்புக் கேளுங்க என்றாள் குயிலி. யார்கிட்ட, நாய்கிட்டயா என்றாள் அம்மாள். ஆமா, நாய்கிட்டதான், என்கிட்ட கேட்டா நான் மன்னிக்க மாட்டேன், அது மன்னிச்சிடும், உங்களுக்கு அதுதான் லாபம். பல்கலைக்கழகக் கருத்தரங்கு மேடையில் இந்த வாக்கியத்துக்குக் கைதட்டல் விழுந்திருக்கும். அந்த வாசலில் மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணு என்ற பதில் விழுந்தது. காவல் நிலையத்தில் பேனாவைக் காதில் சொருகியிருந்தவர், பேரு என்றார். யார் பேரு என்றாள். பாதிக்கப்பட்டவங்க பேரு. பஞ்சாயத்து. அவர் திரும்பிப் பார்த்து, ஏம்ப்பா, பஞ்சாயத்தே பஞ்சாயத்துக்கு வந்திருக்குப்பா என்றார், மேசைக்கு மேசை சிரிப்பு பரவிற்று, அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அதுதான் ஆத்திரம். தன்னை அடிக்கிற சிரிப்புக்கும் தன் வாய் தானாக வளைந்துகொடுக்கிறது. அது எங்கிருந்து வந்த பழக்கம், யார் கற்றுக்கொடுத்தது, விடுதியில் பஞ்சாயத்துக்குப் பெயர் வைத்த நாளில்கூட அப்படித்தான், நாய் இருக்கலாமா கூடாதா என்று இருபக்கமும் நாற்காலி போட்டு வாதாடி அவள் தோற்ற பிறகு, தோற்றுப்போன வழக்கின் பெயரையே குட்டிக்கு வைத்துவிட்டு, எல்லாரையும்விட அவள்தான் அதிகம் சிரித்தாள்.

இப்போது அவள் உட்கார்ந்திருப்பது லோகாம்பாள் காலனியில், தனுஷ்கோடி சார் வீட்டு மாடி ஹாலில், பிரம்பு சோபாவின் ஓரத்தில். எதிர்ச் சுவரில் மாலை போட்ட படம். சாமி படம் இல்லை, அப்பா அம்மா படமும் இல்லை, ஒரு வெள்ளை நாய், நெற்றியில் சந்தனம், கீழே எரிகிற சின்னச் சிவப்பு பல்பு. அந்தப் படத்தைப் பார்த்ததும் அவளுக்கு நெஞ்சு இளகிவிட்டது, இங்கேதான், இந்த வீடுதான் என்று ஒரு குரல் உள்ளே குதித்தது. தனுஷ்கோடி சார் ஓய்வுபெற்ற இன்ஜினியர், சொந்த ஊர் விருதுநகர்ப் பக்கம், மேல்துண்டால் அடிக்கடி கண்ணாடியைத் துடைக்கிறவர். அவன் போனதிலிருந்து வீடு வீடா இல்லம்மா, அப்பன் ராஜபாளையம், ஆத்தாளும் ராஜபாளையம், கலப்பே கிடையாது, ஜாதி நாய் ஜாதி நாய்தான் என்றார். கண்ணாடியைத் துடைத்தார். மாட்டினார். அது சரி, என்ன ஜாதின்னு சொல்லவே இல்லையே என்றார். அவள் வாயைத் திறக்குமுன் கீழே தண்ணி லாரி ஹாரன் அடித்தது. ஐயையோ, ஆள் இல்லைன்னா போயிட்டே இருப்பான், இரும்மா, சம்ப்பை ரொப்பிட்டு வந்துர்றேன், அம்பிகா, பிள்ளைக்கு ஒரு காபி போடு என்று உள்ளே குரல் கொடுத்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படியிறங்கினார். குழாயை இழுக்கிற சத்தம், இரும்பு மூடி சிமெண்டில் உரசுகிற சத்தம், பிறகு தண்ணீர் சம்ப்பின் அடிவயிற்றில் விழ ஆரம்பித்த சத்தம். சம்ப் நிறைகிறவரை அவளுக்கு அவகாசம். கேள்வி சோபாவின் மறுமுனையில் அவர் உட்கார்ந்திருந்த பள்ளத்திலேயே உட்கார்ந்திருக்கிறது.

நாயைக் கேட்டாரா, என்னைக் கேட்டாரா. பேச்சு நாயைப் பற்றித்தான் ஓடியது, ஆகவே நாயைத்தான். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை, உங்களுது என்ன ஜாதி, இது நாய் வளர்க்கிறவர்கள் வாயில் சாதாரணமாக வருவது, உலகத்தில் வேறெந்த மொழியில் நாய்க்கும் மனுஷிக்கும் ஒரே சொல்லால் பூர்வீகம் கேட்பார்களோ தெரியாது, இங்கே கேட்பார்கள், நமக்குச் சொல் சிக்கனம். ஆனால் கண்ணாடியைத் துடைத்தாரே. துடைத்து மாட்டியபோது கண் எந்தப் பக்கம் போனது? பால்கனிக்குக் கீழே பஞ்சாயத்து நிற்கிற பக்கம் போயிருந்தால் நாய், இந்தப் பக்கம் வந்திருந்தால் நான். மறுபடி ஓட்டிப் பார்த்தாள். துண்டு, கண்ணாடி, மூக்கு, அப்புறம் படம் அறுந்துபோகிறது, ஹாரன் சத்தம்தான் கேட்கிறது. வாக்கியத்தையாவது பிடிக்கலாம் என்றால் அதில் எழுவாய் இல்லை. தோன்றா எழுவாய் என்று பத்தாம் வகுப்பில் தமிழய்யா நடத்தினார், வாக்கியத்தில் வெளிப்படையாக இல்லாமல் மறைந்து நின்று பொருள் தருவது, எடுத்துக்காட்டுச் சொல்லு குயிலி. எழுந்து நின்று அவள் சொன்ன எடுத்துக்காட்டு நினைவில்லை. இன்றைக்குக் கேட்டிருந்தால் நல்லதாகச் சொல்லியிருப்பாள், அய்யா, என்ன ஜாதி என்பதில் வருவது தோன்றா எழுவாய், அது எல்லாருக்கும் தோன்றும், வாயில்தான் வராது. வந்துவிட்டது ஒரு கைதட்டல் வாக்கியம். எங்கே போனாலும் இது ஒன்று வந்துவிடும், வீடுதான் வராது.

லாரன்ஸ் அண்ணன் இதைத்தான் சொன்னான். லாரன்ஸ் வீட்டு புரோக்கர், ஸ்கூட்டரில் பின்னால் அவளையும் காலடியில் பஞ்சாயத்தையும் ஏற்றிக்கொண்டு இந்த ஏரியா முழுக்கச் சுற்றினவன், இப்போது கீழே கேட்டருகில் பஞ்சாயத்தின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். மேடம், நாய்க்கு வீடு கிடைச்சிரும், உங்க வாய்க்குத்தான் கிடைக்காது, வீடு பிடிக்கிறது வேற, வாதம் பிடிக்கிறது வேற, கேள்வி கேட்டா பதில் சொல்லணும், திருப்பிக் கேள்வி கேக்கக் கூடாது. எப்படிக் கேட்காமல் இருப்பது? பெட் ஃப்ரெண்ட்லி என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த ஒருவன் போனில், பெட்டுன்னா மீன் தொட்டிம்மா, நாயெல்லாம் இல்ல என்றான். இன்னொரு வீட்டில் நாய் சைவமா என்றார்கள். தயிர்சாதம் சாப்பிடும் என்றாள், அது உண்மை, கருவாட்டுத்தலை கிடைக்காத நாளில் சாப்பிடும். சந்தோஷம், அப்போ நீங்க? ஒரு வீட்டில் நாய் ஆணா பெண்ணா என்று கேட்டு, பெண் என்றதும் ஐயோ சீசன்ல தெருவே வாசல்ல வந்து நிக்குமே என்று கன்னத்தில் கைவைத்தார் ஒரு பெரியவர். ஆபரேஷன் ஆயிடுச்சுங்க என்றாள். அவர் நாயை விட்டுவிட்டு அவளை மேலும் கீழும் பார்த்தார், தனியாவா தங்கப் போறே? எல்லா வீட்டிலும் நாயில் ஆரம்பித்து அவளில் முடிந்தது. நாய் வெறும் வாசல், உள்ளே வந்ததும் செருப்பைக் கழற்றுகிற மாதிரி நாயைக் கழற்றிப் போட்டுவிட்டு, நீங்க எந்தப் பக்கம், என்ன ஆளுங்க, அப்பா என்ன பண்றார், அப்பாவோட அப்பா? அப்பாவோட அப்பா செத்துட்டார், அவருக்கு வீடு வேணாம் என்று ஒரு இடத்தில் சொன்னாள். லாரன்ஸ் ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டே, பட்டிமன்றத்துக்கு ஹால் வாடகைக்கு எடுத்துத் தரட்டுமா மேடம் என்றான். இன்று காலை வண்டியிலேயே வாக்குறுதி வாங்கிக்கொண்டான், இவரு தங்கமான மனுஷன், நாய்னா உசிரு, நீங்க வாயைத் திறக்காம சிரிச்சிட்டு மட்டும் வாங்க, சாவி கையில.

சிரித்தாள். அதுதான் இப்போது உறுத்துகிறது. வந்து உட்கார்ந்ததும் தனுஷ்கோடி சார் ஒரு வேடிக்கை சொன்னார். இந்த வீட்டை வாங்க வந்தப்ப பெரிய கூத்தும்மா, புரோக்கர் லோகாம்பாள் காலனின்னு சொன்னதும் எங்க வீட்டம்மா, காலனியா, வேண்டவே வேண்டாம், அங்கல்லாம் மனுஷன் இருப்பானான்னுட்டா, எங்க ஊர்ப்பக்கம் காலனின்னா வேறல்லா, அப்புறம் அவன் தலையில அடிச்சிக்கிட்டு, அம்மா இது மெட்ராஸ், இங்க காலனின்னா டீசன்ட்டான ஏரியான்னு விளக்கிச் சொன்னப்புறம்தான் படியேறினா. சொல்லிவிட்டுக் குலுங்கிச் சிரித்தார், உள்ளே அம்பிகா அம்மாள் வளையல் குலுங்கச் சிரித்தாள், குயிலியும் சிரித்தாள். சத்தம் வரவில்லை, பல் மட்டும் தெரிந்தது, இருந்தாலும் சிரிப்புதான். நீதிமன்றத்தில் கேட்டால் சிரித்தீர்களா இல்லையா, ஆமாம் அல்லது இல்லை என்று மட்டும் சொல்லவும். ஆமாம். மயிலம் பக்கத்தில் அவளுடைய ஊரில் மனிதர்கள் இரண்டே வகை. தெரு, காலனி. பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்காருகிறவள் முதலில் கேட்பது பெயரை அல்ல, நீ தெருவா காலனியா? தெரு என்றால் அது தேர் போகிற தெரு, கோயில் இருக்கிற தெரு, தண்ணீர்த் தொட்டி இருக்கிற தெரு. காலனி அதற்கு அப்புறம், வாய்க்காலுக்கு அந்தாண்டை. நாய்க்கும் அதே கணக்கு. தெருவில் இருக்கிற நாய் காலனிக்கு வந்து குப்பையைக் கிளறிவிட்டுக் காலைத் தூக்கிவிட்டுப் போகும், யாரும் கல் எடுக்க மாட்டார்கள், அது யார் வீட்டு நாயோ. காலனி நாய் வாய்க்காலைத் தாண்டினால் ஒரு சத்தம் கேட்கும், ஏய், காலனி நாய்க்கு இங்க என்னடா வேலை, பிறகு கல், பிறகு நாயின் சத்தம். இந்த நகரத்துக்கு வந்தபோது சொற்கள் தலைகீழாய் நின்றன. தெரு நாய் என்றால் இங்கே நாதியற்றது, காலனி என்றால் பூங்காவும் வளைவும் காவலாளியும். காலையில் வளைவில் எழுதியிருந்தது, லோகாம்பாள் காலனி குடியிருப்போர் நலச் சங்கம் தங்களை அன்புடன் வரவேற்கிறது. அவள் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து சிரித்தாள். என்ன மேடம்? ஒண்ணுமில்லண்ணா, ஊர் ஞாபகம்.

தண்ணீரின் சத்தம் மாறிவிட்டது. முதலில் வெறும் சிமெண்டில் அறைந்த சத்தம், இப்போது தண்ணீர்மேல் தண்ணீர், கொஞ்சம் கனம், கொஞ்சம் குழைவு. பால் காய்ச்சும் வாசனை. அப்போதுதான் அவளுக்குச் சட்டென்று உறைத்தது: பஞ்சாயத்து. கஞ்சிக்குப் பிறகு பஞ்சாயத்துக்குத் தண்ணீர் கொட்டுகிற சத்தம் ஆகாது. குளியலறையில் வாளியில் குழாயைத் திறந்தால்கூடக் கட்டிலடியில் போய் நுழைந்துகொள்ளும், மழைக்குப் பயப்படாது, சொரிகிற தண்ணீருக்குத்தான் பயம், சுவரோடு ஒட்டி நின்று குலை நடுங்கக் குரைக்கும், அதை யாரும் நிறுத்த முடியாது. இங்கே ஒரு லாரித் தண்ணீர் கொட்டுகிறது. குரைக்காதே. காது முழுவதையும் கீழே அனுப்பினாள். குரைக்காதே கண்ணு, இன்னிக்கு ஒரு நாளைக்கு, நானும் குரைக்கவில்லை பார், எவ்வளவு அடக்கமாய் முழங்காலை ஒட்டிவைத்து உட்கார்ந்திருக்கிறேன், துப்பட்டாவை இரண்டு பக்கமும் போட்டிருக்கிறேன், நீயும் நானும் இன்றைக்கு வாயில்லா ஜீவன்கள். சத்தமே இல்லை. சத்தம் இல்லாதது குரைப்பதைவிடப் பயமாக இருந்தது. கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டதோ, லாரிச் சக்கரத்தடியில், கடவுளே, அவளுக்குக் கடவுள் இல்லை, இருந்தாலும் கடவுளே. இந்த வீடும் இல்லையென்றால் ஊருக்கு வெளியே காப்பகம்தான், போய்ப் பார்த்துவிட்டு வந்தாள், கம்பிக்குப் பின்னால் கம்பி, எல்லா நாயும் ஒரே சமயத்தில் எழுந்து நின்றன, எல்லாவற்றுக்கும் இவள்தான் தங்களைக் கூட்டிப்போக வந்தவள். திரும்பி வரும்போது பேருந்தில் அம்மாவுக்கு போன் போட்டு அழுதாள். அம்மா, நாய்க்குப் பாத்து நீ நடுத்தெருவுல நிக்கப் போறியாடி என்றாள். காலனிக்காரி நடுத்தெருவுல நிக்கிறது முன்னேற்றம்தானேம்மா என்றாள் இவள். படிக்க வச்சது தப்பாப் போச்சு என்றாள் அம்மா, ஆனால் அதில் ஒரு பெருமையும் இருந்ததோ.

எழுந்து பால்கனிக் கம்பிக்கு வந்தாள். கீழே பஞ்சாயத்து ஓடவும் இல்லை, அறுக்கவும் இல்லை. தனுஷ்கோடி சார் தன் இரண்டு முழங்காலையும் சுவர் மாதிரி குழாய்க்கும் நாய்க்கும் நடுவில் வைத்துக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். சாரல் முழுக்க அவர் முதுகில். ஒரு கையால் பஞ்சாயத்தின் காதைப் பொத்திக்கொண்டு, இன்னொரு கையால் பிஸ்கட்டை உடைத்து உடைத்துக் கொடுத்தார். தழும்பைப் பார்த்துவிட்டார், விரல் அதன் ஓரத்திலேயே நிற்கிறது, தொடவில்லை, தொட்டால் நடுங்கும் என்று தெரிந்த விரல். லாரன்ஸ் மேலே பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கினான், முகமெல்லாம் பல். நல்லவர். இது நடிப்பு இல்லை, நாய்க்கு நடிப்பு தெரியும், பஞ்சாயத்து அந்தக் கையில் மூக்கை வைத்துவிட்டது, கஞ்சிக்குப் பிறகு தோழிகள் யாரையும் பக்கத்தில் விடாத மூக்கு. குயிலிக்கு அவர்மேல் கோபம் வந்தது. கெட்டவராக இருந்திருக்கலாம். கெட்டவர்களிடம் பேச அவளிடம் எத்தனையோ இருக்கிறது, ஏட்டுப்படிப்பு முழுக்க அதற்காகத்தான், மேற்கோள், சட்டப்பிரிவு, எள்ளல், எல்லாம் கூர்தீட்டி வைத்திருக்கிறாள். முதுகு நனைய நாய்க்கு மறைப்பாய் உட்கார்ந்திருக்கிற ஆளிடம் எதை எடுத்து வீசுவது? நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில வச்சாலும் என்று ஆரம்பிக்கிற பழமொழி இந்த வீட்டில் பொய். இங்கே நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்து, செத்தபிறகு மாலையும் போடுவார்கள். எங்க தாத்தாவை, வேண்டாம், தாத்தாவை இழுக்காதே, கைதட்டலுக்கு அலையாதே, அவருக்கு வீடு வேணாம் என்று சொல்லியாகிவிட்டது.

திரும்பி வந்தபோது முக்காலியில் காபி இருந்தது. அம்பிகா அம்மாள் வைத்துவிட்டு, குடிம்மா, ஆறிடும், சொந்த ஊரு எது என்றாள். விழுப்புரம் பக்கம்ங்க. விழுப்புரத்துலயேவா? மயிலம் பக்கம். ஓ, முருகன் கோயில். கோயிலுக்குப் பக்கத்துலயா வீடு? கொஞ்சம் தள்ளி. கொஞ்சம் தள்ளி என்பதைத் தன் வாய் சொல்லிக் கேட்டபோது குயிலிக்கு அது அப்பாவின் குரலாகவே கேட்டது. அப்பா பேருந்து நடத்துநர். எந்தக் கேள்விக்கும் அடுத்த நிறுத்தத்தின் பெயரைச் சொல்லித் தப்பித்துக்கொள்கிறவர். எந்த ஊருங்க? திண்டிவனத்துக்கு இந்தாண்ட. என்ன ஆளுங்க? ஒரு இருமல், அப்புறம் விசில். அவள் படிப்புக்காகப் பாண்டிச்சேரியில் வீடு பார்த்தபோது மட்டும் இருமல் போதவில்லை, வீட்டுக்காரர் நேராகக் கேட்டார், அப்பா வேறொரு ஜாதியின் பெயரைச் சொன்னார், அவ்வளவு சரளமாக, பலகாலம் வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துவைத்தவர் மாதிரி. நல்ல வீடு, கிணறும் முருங்கையும் இருந்தன. அந்தப் பொய்க்குள் அவர்கள் குடியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அம்மா ஜன்னலைச் சாத்திக்கொண்டு சமைத்தாள். பொங்கலுக்குக் கோலம் எந்தப் பக்கத்திலிருந்து இழுக்கிறார்கள் என்று எதிர்வீட்டைப் பார்த்து இழுத்தாள். சொந்தக்காரர் யாரும் வரக் கூடாது. சித்தப்பா தெரியாமல் வந்துவிட்டார், வாசலில் நின்று சத்தமாய் அண்ணே என்றார், வீட்டுக்காரர் மரியாதையாய்த்தான் கேட்டார், தம்பிக்கு எந்த ஊரு, ஊர்ல தெருவா காலனியா? சித்தப்பாவுக்குப் பொய் என்ன பெயரில் ஓடுகிறது என்று யாரும் சொல்லவில்லை. காலனிங்க என்றார், சிரித்துக்கொண்டே. அடுத்த வாரம் சாமான் ஏற்றினார்கள். வண்டியில் அப்பா சித்தப்பாவை ஒரு வார்த்தை திட்டவில்லை, சித்தப்பாதான் அழுதார். கொல்லைப்புறம் சுற்றித் திரிந்த ஒரு பூனை மட்டும் அந்த வீட்டிலேயே இருந்துகொண்டது. அதை யாரும் எதுவும் கேட்கவில்லை.

காபியில் ஆடை படிய ஆரம்பித்தது. எவர்சில்வர் டம்ளர், டபரா, நல்ல காபி, வாசனையே சொல்கிறது. குடித்துவிட்டுப் பதில் சொல்லலாமா, சொல்லிவிட்டுக் குடிக்கலாமா? குடித்துவிட்டுச் சொன்னால் இந்த டம்ளர் பிறகு என்ன ஆகும் என்று யோசிக்க வேண்டியிருக்கும், பின்கட்டில் புளிபோட்டு விளக்குவாளோ, செடிக்குத் தண்ணீர் ஊற்ற வைத்துக்கொள்வாளோ, ஒன்றும் செய்ய மாட்டாளோ. ஒன்றும் செய்யாமலும் இருக்கலாம், எல்லாருக்கும் நீயே தீர்ப்பு எழுதிவிடுகிறாய் என்று பேராசிரியை சொல்வார். சரி, குடித்துவிடு. கை போகவில்லை. பொய் சொல்வது எவ்வளவு சுலபம். ஒரே ஒரு சொல், அப்பா சொன்ன அதே சொல், வீட்டில் பரம்பரைச் சொத்தாக இருக்கிற ஒரே சொல். அதைச் சொன்னால் இன்று சாயங்காலம் பஞ்சாயத்து இந்த வீட்டு வாசலிலேயே படுத்திருக்கும். நாய்க்காகச் சொல்லலாம், நாய்க்காகச் சொன்னால் பொய் இல்லை, நாய் எந்தக் கட்சியும் இல்லை. அப்புறம் நீ ஜன்னலைச் சாத்திச் சமைப்பாய். ஊரிலிருந்து அம்மா வந்தால் படியேறுமுன் என்ன பெயர் என்று காதில் சொல்லிக்கொடுப்பாய். சித்தப்பாவை வராதே என்பாய். இவர் காலனி வேடிக்கையை இன்னும் பத்துப் பேரிடம் சொல்வார், ஒவ்வொரு தரமும் கூடவே சிரிப்பாய், பல் தேய்ந்துபோகும். இல்லையென்றால் வாதாடு, சட்டப்படி நீங்கள் இதைக் கேட்க முடியாது சார் என்று ஆரம்பி, அவர் பதறிப்போவார், தப்பா நினைச்சுக்காதம்மா, சும்மா தெரிஞ்சுக்கலாம்னுதான் என்பார், வாதத்தில் ஜெயிப்பாய், ஜெயித்துவிட்டு ஸ்கூட்டரில் ஏறுவாய். அல்லது ஒருவேளை, ஒருவேளை, நாயைத்தான் கேட்டாரோ. பாவம், நல்ல மனுஷர், நாய் பைத்தியம். நாட்டு நாய் சார், விடுதி வாசலில் கிடைச்சது என்று சொன்னால் போதும், அட அப்படியா என்பார், நான் இத்தனை நேரம் ஒரு நல்ல மனுஷரை மனதுக்குள் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்துகொண்டிருந்தேன் என்று வெட்கப்படுவேன். எவ்வளவு ஆசையாய் இருந்தது அவளுக்கு, அந்த வெட்கத்தைப் படுவதற்கு. எப்படியாவது என்னைத் தப்பு என்று நிரூபித்துவிடுங்கள் சார்.

தண்ணீர்ச் சத்தம் நின்றது. நின்றபிறகுதான் அது எவ்வளவு பெரிய சத்தம் என்று தெரிந்தது. மூடி உரசியது, லாரி பின்னால் எடுத்தது, படியில் ஈரச் செருப்பு. தனுஷ்கோடி சார் மூச்சு வாங்க மேலே வந்து நின்றார், சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, கையில் செம்மண் நிற முடி. கண் கலங்கியிருந்தது. "யாரும்மா அந்தப் பிள்ளை மேல கொதிதண்ணி ஊத்துனது? மனுஷங்களா அவங்கள்லாம்?" "மனுஷங்கதான் சார்." "விடு. இனிமே அதுக்கு இங்க ஒரு குறையும் வராது. பின்னால வேப்பமரத்தடியில பழைய கட்டில் கிடக்கு, நம்ம டைகர் படுத்தது, அதைப் போட்டுரலாம். ராத்திரி குரைச்சாலும் நான் பாத்துக்கிடுதேன், நீ நிம்மதியாப் படி." சொல்லிக்கொண்டே ஆணியில் மாட்டியிருந்த சாவிக்கொத்திலிருந்து ஒன்றைக் கழற்றினார், கழற்றினவர் அதை நீட்டாமல் உள்ளங்கையில் வைத்து உருட்டினார். "காபி குடிக்கலையே நீ? ஆறிப்போச்சே. ஆங், அதான் கேட்டுட்டு இருந்தேன்ல. என்ன ஜாதின்னு." உள்ளே பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. குயிலி எழுந்து நின்றாள். வகுப்பில் எழுந்து நிற்கிற மாதிரி. "ராஜபாளையம்லாம் இல்ல சார். சும்மா, விடுதி வாசல்ல..." "அட," என்று அவர் சிரித்தார், அன்பாகத்தான் சிரித்தார், "நாயை யாரு கேட்டா? வாயில்லா ஜீவன், அது எந்த ஜாதியா இருந்தா நமக்கு என்னம்மா? உன்னத்தான் கேட்டேன். எனக்கு இதெல்லாம் கிடையாது, வீட்டுல ஒரு வார்த்தை தெரிஞ்சுக்கிடணும்னு சொல்லுதா." கீழே பஞ்சாயத்து ஒரே ஒரு தரம் குரைத்தது. தண்ணீர் நின்றபிறகு குரைக்கிறது, மக்கு, எல்லாம் முடிந்தபிறகு குரைக்கிறது. அவளுக்கு அப்போது அழுகை வந்திருக்க வேண்டும், வரவில்லை, காலனி வேடிக்கைக்கு வெளியே காட்டிய அந்தப் பல்லை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வைத்துக்கொண்டாள். சாவி அவர் உள்ளங்கையில் இன்னும் உருண்டுகொண்டிருந்தது. அவர் ஊரிலும் அவள் ஊர்ச் சொற்கள் அதே பொருளில்தான் நிற்கின்றன, விளக்கிச் சொல்ல புரோக்கர் வேண்டியதில்லை.

"அது தெரு சார்," என்றாள் குயிலி. "நான் காலனி."